காவலாளே கதவை அடைத்த இரவு: 72 கணினிகளில் கண்காணிப்பு டீமன் சிக்கிய நிகழ்வு

பின்னணி

பெங்களூரு மாரத்தஹள்ளிப் பக்கம், வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஒரு சிறிய சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் இது நடந்தது. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் மூன்று பேர்: என்னைவிட மூத்த ஒருவர், நான், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி. மூவருமே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்.

எங்களிடம் 72 லினக்ஸ் கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 32 கோர். வடிவமைப்பைச் சோதிக்கும் சிமுலேஷன் வேலைகளை இவற்றுக்குப் பிரித்துக் கொடுப்பது கிரிட் எஞ்சின். தினமும் இரவு 11 மணிக்கு ஆறாயிரம் வேலைகள் வரிசையில் விழும், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் ஓடும், விடிகாலை ஐந்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். இந்த இரவு ஓட்டத்தை அங்கே ரெக்ரெஷன் என்பார்கள்.

ஒவ்வொரு கணினியிலும் கலெக்ட்டி என்ற டீமன் பின்னணியில் ஓடும். 10 விநாடிக்கு ஒருமுறை சிபியு, மெமரி, டிஸ்க், லோடு (ஓடிக்கொண்டும் காத்துக்கொண்டும் இருக்கும் புராசஸ்களின், அதாவது நிரல்களின், சராசரி எண்ணிக்கை) ஆகியவற்றின் அளவுகளை எடுத்து, யுடிபி வழியாக 25826ஆம் போர்ட்டுக்கு அனுப்பும். மையக் கணினி ஒன்று அவற்றை வாங்கி ஆர்ஆர்டி கோப்புகளில் எழுதி கிராஃபாகக் காட்டும். யுடிபி என்பதால் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. ஒரு கணினி பேச்சை நிறுத்திவிட்டதை மையம்தான் கவனிக்க வேண்டும்.

72இல் 67 பழையவை. அவற்றில் கலெக்ட்டியை நாங்களே கம்பைல் செய்து, நாங்களே எழுதிய ஸ்கிரிப்டால் துவக்கி நிறுத்திக்கொண்டிருந்தோம். கடைசியாக வாங்கிய 5 கணினிகளில் மட்டும் லினக்ஸ் விநியோகத்தோடு வரும் பேக்கேஜைப் போட்டு டீமன்களைத் துவக்கி நிறுத்தும் லினக்ஸின் சிஸ்டம்டி பொறுப்பில் விட்டிருந்தோம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே ஒரு வருடம் ஓடிவிட்டது.

இன்னொரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் ஒரு கணினியின் ரூட் டிஸ்க் நிரம்பி வேலைகள் நின்றுபோயின. கிராஃபைப் பார்த்தால் டிஸ்க் கோடு மூன்று வாரமாகவே வரவில்லை. டீமன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, டிஸ்க் அளவை மட்டும் சொல்லாமல் இருந்தது. அந்த எரிச்சலில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் க்ரான் மூலம் எல்லாக் கணினிகளிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டோம். டீமனிடம் ரூட் டிஸ்கின் அளவைக் கேட்கும். பதில் வராவிட்டால் டீமனை நிறுத்தி மறுபடி துவக்கும். அதற்கு வைத்த பெயர் 'காவலாள்'. எழுதியவன் நான்.

வெள்ளி இரவு

கட்டிடத்தில் யுபிஎஸ் பராமரிப்பு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். முக்கியமான சர்வர்களை வேறு இணைப்புக்கு மாற்றிவிட்டோம். மாற்றாமல் விட்டது ஒரு பழைய ஃபைல் சர்வரை. முடிந்துபோன புராஜெக்டுகளின் கோப்புகள் மட்டும்தான் அதில் இருந்தன. அன்றாட வேலைகள் எல்லாமே வேறொரு ஃபைல் சர்வரை நம்பி ஓடுபவை. பழையது கொஞ்ச நேரம் நின்றால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தோம்.

8.40க்கு மின்சாரம் போனது. கால் மணி நேரத்தில் திரும்பியது, பழைய சர்வர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அதன் பவர் சப்ளை போய்விட்டிருந்தது. எலக்ட்ரீஷியன் தர்மபுரிக்காரர். தம்பி அவரிடம் போனில் கேட்டபோது, "எங்க பக்கம் எல்லா லைனும் வந்துருச்சு தம்பி, அந்தப் பொட்டி மட்டும்தான் லைட்டே எரியல" என்றார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அந்த நேரத்தில் அது சரியான முடிவாகத்தான் தெரிந்தது.

11 மணிக்கு ரெக்ரெஷன் துவங்கியது. இரவு முறையில் இருந்த தம்பி 11.20க்கு வீட்டிலிருந்து கிராஃபைப் பார்த்தான். சிபியு கோடுகள் மேலே ஏறியிருந்தன, எந்தக் கணினியும் மௌனமாக இல்லை. குழுவுக்கு 'எல்லாம் ஓடுது' என்று செய்தி போட்டுவிட்டுத் தூங்கப் போனான். அதில் அவன் தப்பு எதுவும் இல்லை, நான் பார்த்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

சனிக்கிழமை காலை

7.05க்குச் சோதனைக் குழுத் தலைவரிடமிருந்து போன் வந்தது. மதுரைக்காரர், சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவர். "மூவாயிரம் ஜாப்புக்கு மேல இன்னும் க்யூவுலயே நிக்குதுப்பா. உங்க கிராஃபே சிபியு எல்லாம் சும்மா கிடக்குனு சொல்லுது. அப்புறம் ஏன் ஓடல?" பத்து மணிக்கு அவர்களுக்கு ஒரு முக்கியக் கூட்டம் இருந்தது. அந்த இரவின் முடிவை வைத்துத்தான் வடிவமைப்பை அடுத்த கட்டத்துக்கு அனுப்பலாமா என்று பேசுவதாக இருந்தார்கள்.

சனிக்கிழமை என்பதால் சாலை காலியாக இருந்தது. 7.40க்கு அலுவலகத்தில் இருந்தேன்.

கிரிட் எஞ்சினில் 67 கணினிகளின் க்யூ எச்சரிக்கை நிலையில் இருந்தது. அந்த நிலையில் புதிய வேலை எதுவும் போகாது. ஏற்கெனவே ஓடுவது மட்டும் ஓடும். 5 கணினிகள் மட்டும் இரவு முழுவதும் ஒழுங்காக வேலை வாங்கியிருந்தன. கிரிட் எஞ்சினில் இதற்கான வரம்பு, கோர் ஒன்றுக்கு லோடு 1.75 என்று முன்னிருப்பாகவே இருக்கும், நாங்களும் அதை மாற்றியதில்லை. 32 கோருக்கு அது 56. எங்கள் கணினிகளில் லோடு 130ஐத் தாண்டியிருந்தது. சிபியுவோ 95 சதவீதம் சும்மா இருந்தது.

நான் முதலில் செய்த காரியம் ஒரு கணினியில் உள்ளே போய் டிஎஃப் (டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் கட்டளை) என்று அடித்தது. திரை அப்படியே நின்றது. கன்ட்ரோல் சி போட்டும் வரவில்லை. பழைய ஃபைல் சர்வர் ஞாபகம் வந்தது அப்போதுதான்.

படிக்கட்டு

லோடு ஏன் ஏறியது என்பதை ஓரளவு ஊகிக்க முடிந்தது. லினக்ஸின் லோடு அளவு, சிபியுவுக்குக் காத்திருக்கும் புராசஸ்களோடு டிஸ்க் போன்றவற்றுக்காகத் தூங்கிக்கொண்டிருப்பவற்றையும் சேர்த்தே எண்ணும். 1993இலிருந்தே அப்படித்தான். பட்டியலில் டி என்ற எழுத்தோடு தெரிபவை அவைதான். என்எஃப்எஸ் என்பது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைத் தரும் முறை, எங்கள் பழைய ஃபைல் சர்வரும் அந்த வகைதான். இறந்துபோன என்எஃப்எஸ் சர்வரைத் தொட்ட எந்தப் புராசஸும் டி நிலையில் நிற்கும், ஒவ்வொன்றும் லோடில் ஒன்றைக் கூட்டும்.

ஆனால் 130 புராசஸ் எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடித்தது மூத்தவர். வீட்டிலிருந்தபடியே லோடு கிராஃபை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தவர் போனில் சொன்னார்: "டேய், இது மேடு மாதிரி இல்ல, படிக்கட்டு மாதிரி இருக்கு. மணிக்குப் பன்னிரண்டு படி. அறுபத்தேழுலயும் அதே படி." பயனர்களின் வேலையால் ஏறியிருந்தால் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு விதமாக ஏறியிருக்கும். மணிக்குப் பன்னிரண்டு என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாக் கணினியிலும் ஓடுவது ஒன்றே ஒன்றுதான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

புராசஸ் பட்டியலை எடுத்துப் பார்த்தால், நூற்று முப்பத்திச் சொச்சம் கலெக்ட்டிகள், எல்லாம் டி நிலையில்.

நடந்தது இதுதான். கலெக்ட்டியின் டிஎஃப் ப்ளகின் (டிஸ்க் அளவை எடுக்கும் துணை நிரல்), மவுன்ட் செய்யப்பட்ட, அதாவது கணினியோடு இணைக்கப்பட்ட, ஒவ்வொரு கோப்பமைப்பிடமும் போய் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கும். முதலில் ரூட், அப்புறம் மற்றவை. பழைய சர்வரின் மவுன்ட்டுக்கு வந்ததும் அதை ஓட்டிய திரெட் (டீமனுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) சிக்கியது. கலெக்ட்டியில் படிக்கும் திரெட்கள் முன்னிருப்பாக ஐந்து. மற்ற நான்கும் சிபியு, மெமரி, லோடு என்று எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தன. ரூட் டிஸ்கின் அளவோ ஒருமுறை வந்ததோடு சரி, புதிதாக எதுவும் வராததால் 20 விநாடியில் டீமன் அதை மறந்துவிடும்.

ஐந்து நிமிடம் கழித்துக் காவலாள் வந்து ரூட் டிஸ்க்கைக் கேட்பான். பதில் இல்லை. டீமனுக்கு சிக்டெர்ம் அனுப்புவான், அதாவது 'முடித்துக்கொள்' என்ற மரியாதையான வேண்டுகோள். டீமனும் மரியாதையாக முடிக்கப் பார்க்கும். தன் திரெட்கள் எல்லாம் திரும்பட்டும் என்று காத்திருக்கும். நான்கு திரும்பும், ஐந்தாவது திரும்பாது. காவலாள் பத்து விநாடி பார்த்துவிட்டு, ஓடும் டீமனின் எண்ணைக் குறித்துவைக்கும் பிஐடி கோப்பை அழித்துவிட்டுப் புதிய டீமனைத் துவக்குவான். புதியதும் ரூட்டைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே அதே இடத்தில் சிக்கும். இரவெல்லாம் இது நடந்திருக்கிறது.

11.20க்குத் தம்பி பார்த்தபோது கிராஃப் நன்றாக இருந்ததற்கும் இதுவே காரணம். எப்போதும் புதிதாகத் துவக்கிய ஒரு டீமன் சிபியு அளவை அனுப்பிக்கொண்டே இருந்தது. 11 மணிக்கு ஒவ்வொரு கணினியிலும் சிக்கியவை 28. வரம்பு 56 என்பதால் இன்னும் 28 வேலைகளுக்கு இடம் இருந்தது. முதல் தொகுதி வேலைகள் உள்ளே போயின, சிபியு ஏறியது. அடுத்து ஒவ்வொரு மணி நேரமும் 12 இடம் குறைந்துகொண்டே வந்து, ஏறக்குறைய 1.20க்கு இடமே இல்லாமல் போனது.

தப்பித்த 5 கணினிகளிலும் இதே காவலாள்தான் இருந்தான். ஆனால் அங்கே நிறுத்தும் வேலையைச் செய்தது சிஸ்டம்டி. சிக்டெர்முக்கு 90 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, அது தானாகவே 'சிக்கில்' என்ற, கேட்காமலே கொல்லும் சிக்னலை அனுப்பிவிடும். அதனால் அங்கே எந்த நேரத்திலும் சிக்கியிருந்தது ஒன்றோ இரண்டோதான்.

எடுத்த முடிவுகள்

மணி 8.30. நான்கு வழிகள் எங்கள் முன் இருந்தன.

முதலாவது, 67 கணினிகளையும் ரீபூட் செய்வது. வேகமான வழி, எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகும். ஆனால் ஒன்பது கணினிகளில் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்த கேட் லெவல் சிமுலேஷன்கள் இருந்தன, அவற்றை இடையில் சேமிக்க வழியில்லை. வேண்டாம் என்று விட்டோம்.

இரண்டாவது, பழைய சர்வரை எழுப்புவது. அது வந்துவிட்டால் சிக்கிய எல்லாம் தானாகவே விடுபடும். பவர் சப்ளை கையில் இல்லை.

மூன்றாவது, கிரிட் எஞ்சினின் லோடு வரம்பை 500 ஆக்கிவிடுவது. மூத்தவர் இதைத்தான் முதலில் சொன்னார், அதில் நியாயமும் இருந்தது. சிபியு சும்மாதானே இருக்கிறது, வேலை ஓடட்டும். நான் தயங்கினேன். வரம்பை உயர்த்திவிட்டு நோயைத் தீர்த்த மாதிரி உட்கார்ந்துவிடுவோம் என்ற பயம் எனக்கு. அரை மணி நேரம் கொடுங்கள், முடியாவிட்டால் உயர்த்தலாம் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்.

நான்காவது, சிக்கிய டீமன்களைக் கொல்வது. டி நிலையில் உள்ள புராசஸை கில் மைனஸ் 9 ('சிக்கில்' அனுப்பும் கட்டளை) போட்டாலும் கொல்ல முடியாது என்பது எங்கள் தொழிலில் பரம்பரையாகச் சொல்லிவரும் பாடம். ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.6.25 பதிப்பிலிருந்து, என்எஃப்எஸ்ஸுக்காகக் காத்திருக்கும் தூக்கத்தை 'சிக்கில்' சிக்னலால் கலைக்க முடியும். இதைப் படித்திருந்தேன், செய்து பார்த்ததில்லை.

முக்கியமான வேலை எதுவும் ஓடாத ஒரு கணினியை எடுத்துக்கொண்டோம். முதலில் க்ரானில் காவலாளை நிறுத்தினோம், இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி ஆரம்பிக்கும். பிறகு எல்லாக் கலெக்ட்டிகளுக்கும் கில் மைனஸ் 9. ஒரு விநாடி எதுவும் நடக்காத மாதிரி இருந்தது. அடுத்து பட்டியல் எடுத்தபோது ஒன்றுகூட இல்லை. கிரிட் எஞ்சின் பார்ப்பது ஐந்து நிமிடச் சராசரி என்பதால் லோடு மெதுவாகத்தான் இறங்கியது. 140இலிருந்து 56க்குக் கீழே வர ஐந்து நிமிடம். க்யூ திறந்தது, வேலைகள் உள்ளே வந்தன.

அப்புறம், ஒரே கட்டளையைப் பல கணினிகளில் ஒன்றாக ஓட்டும் பிடிஎஸ்எச் மூலம் மற்ற கணினிகளுக்கும் அதையே செய்தோம். கூடவே பழைய சர்வரின் மவுன்ட்டை 'லேஸி' முறையில் கழற்றினோம். புதிதாக வரும் யாரும் அதைத் தொட மாட்டார்கள், ஏற்கெனவே தொட்டு நிற்பவர்கள் அப்படியே காத்திருப்பார்கள். 9.10க்கு எல்லா க்யூக்களும் திறந்திருந்தன.

நான் செய்த பிழை

பிடிஎஸ்எச்சில் 'எல்லாம்' என்று ஒரு குழுப் பெயர் வைத்திருந்தோம். அவசரத்தில் அதைப் போட்டேன். அந்தக் குழுவில் மையக் கணினியும் இருந்தது.

மையத்தில் ஓடுவதும் கலெக்ட்டிதான், அதுவும் மைனஸ் 9இல் போனது. டிஸ்குக்கு வேலை குறையட்டும் என்று, வந்த அளவுகளை நினைவில் வைத்து மணிக்கு ஒருமுறை மொத்தமாக எழுதும்படி அதை அமைத்திருந்தோம். ஒழுங்காக நிறுத்தியிருந்தால் எழுதிவிட்டுத்தான் போயிருக்கும். இப்போது 72 கணினிகளின் கிட்டத்தட்ட 50 நிமிட அளவுகள் காணாமல் போயின. பிறகு அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, லோடு எப்படி இறங்கியது என்று காட்ட வேண்டிய இடத்தில் கிராஃபில் வெள்ளையாக ஒரு பட்டை.

பின்விளைவு

மிச்சமிருந்த வேலைகள் பகல் ஒரு மணிக்கு முடிந்தன. பத்து மணிக் கூட்டம் ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. பதினெட்டுப் பேருக்கு ஒரு ஞாயிறு போயிற்று, அதில் சிலர் சனி இரவு ஊருக்குப் பஸ் பதிவு செய்திருந்தவர்கள்.

மூன்று நாள் சிமுலேஷன்கள் ஒன்பதில் எட்டு சாதாரணமாகவே முடிந்தன. ஒன்பதாவது பழைய சர்வரில் இருந்த ஒரு சோதனைக் கோப்பைத் திறந்தபடி டி நிலையில் நின்றது. அதைத் தொடாமல் விட்டோம். திங்கட்கிழமை தம்பி பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு போய், நாலு கடை ஏறி இறங்கி, பழைய பவர் சப்ளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். சர்வர் எழுந்த சில நிமிடங்களில் அந்தச் சிமுலேஷன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, செவ்வாய் காலை சரியான விடையோடு முடிந்தது. 'ஹார்டு' மவுன்ட்டின் நன்மை இது. சர்வர் வரும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். 'சாஃப்ட்' ஆக இருந்திருந்தால் சிறிது நேரத்தில் பிழை என்று சொல்லிக் கைவிட்டிருக்கும்.

இந்த ஒரு வேலைதான் பிறகு நடந்த விவாதத்தைத் தீர்த்தது. எல்லா மவுன்ட்டையும் சாஃப்ட் ஆக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது கைவிட்டால் கோப்பு பாதியில் கெடும், அதை நிரல் கவனிக்காமலே போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் அன்றாடச் சர்வர் ஹார்டாகவே நீடிக்கிறது. பழைய சர்வரை மட்டும் ஆட்டோஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினோம். யாராவது கேட்டால் மட்டும் மவுன்ட் ஆகும், சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் கழன்றுவிடும்.

மாற்றியவை

காவலாளை எடுத்துவிட்டோம். 67 கணினிகளிலும் பேக்கேஜ் கலெக்ட்டி, சிஸ்டம்டி பொறுப்பில். டீமன் தானாக விழுந்தால் மணிக்கு மூன்று முறை வரை எழுப்பும், நான்காவது முறை விழுந்தால் அப்படியே விட்டுவிட்டு எங்களைக் கூப்பிடும். மெமரிக்கும் திரெட் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தோம். டிஎஃப் ப்ளகினில் என்எஃப்எஸ் வகை மவுன்ட்களைத் தவிர்க்கச் சொல்லிவிட்டோம். ஃபைல் சர்வரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை 72 கணினிகள் தனித்தனியே கேட்க எந்த அவசியமும் இல்லை, அந்தச் சர்வரே ஒருமுறை சொன்னால் போதும். இது ஏன் முதல் நாளே தோன்றவில்லை என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அளவு வந்ததா இல்லையா என்று பார்க்கும் பொறுப்பு மையத்துக்குப் போனது. ஒவ்வொரு கணினிக்கும், ஒவ்வொரு வகை அளவுக்கும் கடைசியாக எப்போது வந்தது என்று பார்க்கும். டிஸ்க் மட்டும் நின்றால் 'டிஸ்க் மட்டும் நின்றது' என்றே சொல்லும். மையம் எதையும் மறுதுவக்கம் செய்யாது.

லோடுக்கு முன்பு அலாரம் இருந்தது. ரெக்ரெஷன் நேரத்தில் தினமும் அடித்து நச்சரித்ததால் நாங்களே எடுத்துவிட்டோம். இப்போது லோடு வரம்பைத் தாண்டி, சிபியுவும் பாதிக்கு மேல் சும்மா இருந்தால் மட்டும் அடிக்கும்.

கலெக்ட்டியின் புராசஸ் ப்ளகின், டி நிலையில் எத்தனை இருக்கின்றன என்பதைத் தனி அளவாகவே அனுப்பும். இரண்டு வருடமாக அந்த அளவை வாங்கிச் சேமித்துக்கொண்டிருந்தோம். வெள்ளி இரவு 8.45க்கு ஒன்று, 8.50க்கு இரண்டு என்று அது ஏறியது முழுவதும் டிஸ்கில் பதிவாகியிருக்கிறது. எந்தப் பக்கத்திலும் அதற்கு ஒரு கிராஃப் வைக்கவில்லை. இப்போது முதல் பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சோதனைக் கணினியில் என்எஃப்எஸ்ஸின் 2049ஆம் போர்ட்டை வேண்டுமென்றே அடைத்து, இரண்டு மணி நேரம் விட்டுப் பார்க்கிறோம். முதல் முறை கலெக்ட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, லோடும் ஏறவில்லை. ஆனால் தம்பி அந்தக் கணினிக்குள் நுழையப் பார்த்தபோது திரை நின்றது. உள்ளே வருபவர்களுக்கு 'டிஸ்கில் இவ்வளவு இடம் பாக்கி' என்று காட்டும் வரவேற்பு ஸ்கிரிப்ட் ஒன்று அதில் இருந்தது. அது டிஎஃப்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.